ஒரு சொட்டுத் தைலம் எங்கே போகிறது?

சளி முற்றி மூக்கடைத்துக்கொண்ட இரவில் கைக்குட்டையில் இரண்டு சொட்டு நீலகிரித் தைலம் விட்டு முகர்ந்தால் சட்டென்று மூச்சு விட முடிகிறது. வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரில் ரான் எக்லஸ் என்ற ஆய்வாளர் 1980களில் இதை அளந்து பார்த்தார். மூக்கின் வழியே காற்று போய்வர எவ்வளவு தடை இருக்கிறது என்பதைக் கருவி வைத்துக் கணக்கிட்டுவிட்டு, மென்தால், கற்பூரம், யூகலிப்டஸ் தைலம் ஆகியவற்றின் ஆவியை முகரச் செய்தார். முகர்ந்தவர்கள் காற்று முன்பைவிடத் தாராளமாகப் போகிறது என்றார்கள். கருவியோ தடை அப்படியேதான் இருக்கிறது என்றது.

அவர்கள் பொய் சொல்லவில்லை. மூக்கின் உட்சுவரில் முகத்துக்கு உணர்ச்சி தரும் முக்கிளை நரம்பின் நுனிகள் பரவிக் கிடக்கின்றன. வெளிக்காற்று உள்ளே போகும்போது சுவர் சற்றுக் குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சியை வைத்தே மூளை ‘காற்று போகிறது’ என்று தெரிந்துகொள்கிறது. நரம்பு நுனியில் குளிரை உணரும் புரதத்துக்கு டி.ஆர்.பி.எம்.8 என்று பெயர். 2002-ஆம் ஆண்டு டேவிட் ஜூலியஸ் குழுவும் ஆர்டெம் படபூடியன் குழுவும் தனித்தனியே இதைக் கண்டறிந்தன. வெப்பத்தையும் தொடுதலையும் உடல் எப்படி உணர்கிறது என்ற ஆராய்ச்சிக்காக இருவரும் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். புதினாவிலுள்ள மென்தால் இந்தப் புரதத்தை நேரடியாகத் தூண்டுகிறது. நீலகிரித் தைலத்திலுள்ள சினியோலும் தூண்டுகிறது, சற்று வலுக்குறைவாக. குளிர் இல்லாமலே குளிர் என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேர்கிறது.

இதை ஏமாற்று வேலை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மூக்கடைப்பில் நம்மை வதைப்பது அடைத்துவிட்டது என்ற உணர்வுதான். அது தணிந்தால் தூக்கம் வருகிறது. தூங்கி எழுந்தவருக்கு அடுத்த நாள் தெம்பாக இருக்கிறது. ஆனால் வீக்கம் குறையவில்லை, கிருமி சாகவில்லை என்பதையும் சேர்த்தே அறிந்துகொள்ள வேண்டும். மூச்சிரைப்போடு நெஞ்சு குழிவிழ மூச்சு வாங்கும் குழந்தைக்குத் தைலம் தடவிவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு சோதனையே போதுமான காரணம்.

நறுமண எண்ணெய்களைப் பற்றிய பேச்சு முழுவதிலும் நாம் கேட்கத் தவறும் கேள்வி இதுதான்: அந்தச் சொட்டு உடம்பில் எந்த வழியாகப் போகிறது? முக்கிளை நரம்பைத் தொட்டு ஏமாற்றுகிறதா, வாசனையாக மூளைக்குப் போகிறதா, இரத்தத்தில் கலந்து மருந்தாக வேலை செய்கிறதா? மூன்றும் வேறு வேறு. ஒரே எண்ணெய் ஒரு வழியில் இதமாகவும் இன்னொரு வழியில் நஞ்சாகவும் இருக்க முடியும்.

முதலில், இந்த எண்ணெய் செடியில் ஏன் இருக்கிறது? யூகலிப்டஸ் இலை ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல் எண்ணற்ற சிறு புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஓர் எண்ணெய்ப் பை. எலுமிச்சைத் தோலில் இந்தப் பைகள் கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பெரியவை. துளசிக்கும் புதினாவுக்கும் இலைப் பரப்பிலுள்ள நுண்மயிர்களில் எண்ணெய் சேர்கிறது. ஓடி ஒளிய முடியாத செடி, தன்னைக் கடிக்க வரும் பூச்சியையும் படரும் பூஞ்சையையும் விரட்டுவதற்காகத் தயாரித்து வைத்திருக்கும் பொருள்கள் இவை. பூவில் மட்டும் கதை வேறு, அங்கே மணம் அழைப்பு. எப்படியானாலும், நமக்காகச் செய்யப்பட்ட மருந்து என்று எந்தச் செடியும் எதையும் வைத்திருக்கவில்லை. பூச்சிக்கு எதிரான ஆயுதத்தை நாம் கடன் வாங்கிப் பயன்படுத்துகிறோம்.

நீலகிரிக்கு யூகலிப்டஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, 1843-ஆம் ஆண்டு. குளிர்ப் பிரதேசத்தில் குடியேறிய ஆங்கிலேயர்களின் விறகுத் தேவை சோலைக் காடுகளைத் தின்றுகொண்டிருந்தது. வேகமாக வளரும் மரம் ஒன்று வேண்டியிருந்தது. வந்த மரம் விறகோடு நிற்காமல் புல்வெளிகளின் மேலும் ஏறியது. அந்த இழப்பை இன்றைக்கும் அந்த மலை சுமக்கிறது. உள்ளூர் மக்கள் அதைக் கற்பூர மரம் என்கிறார்கள், சமவெளியில் தைல மரம் என்கிறோம். சமவெளியில் காகிதக் கூழுக்காக வளர்க்கப்படுவது வேறு இனம். ஊட்டித் தைலத்துக்கு உரியது குளோபுலஸ் என்னும் நீல யூகலிப்டஸ்.

மலைச்சரிவுகளில் தைலம் காய்ச்சும் கொட்டகைகளில் நடப்பது எளிய வேலைபோலத் தோன்றும். பெரிய கொப்பரையில் இலையைத் திணித்து, தண்ணீர் விட்டு மூடி, அடியில் தீ மூட்டுகிறார்கள். காய்ச்சி முடிந்த சக்கை இலையே உலர்ந்து அடுத்த காய்ச்சலுக்கு எரிபொருள் ஆகிறது. மூடியிலிருந்து போகும் குழாய் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டி வழியே வளைந்து இறங்குகிறது. குழாயின் முனையில் தண்ணீரும் தைலமும் சேர்ந்து சொட்டுகின்றன. தைலம் மேலே மிதக்கும், அதை வடித்துக்கொள்கிறார்கள். நூறு கிலோ பச்சை இலைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ தைலம். நல்ல இலையாக இருந்தால் சற்றுக் கூடுதல்.

இதில் இயற்பியல் அழகு ஒன்று ஒளிந்திருக்கிறது. சினியோலின் கொதிநிலை 176 டிகிரி செல்சியஸ். கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியிலோ தண்ணீரே 93 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும். அந்தச் சூட்டில் சினியோல் எப்படி ஆவியாகி வருகிறது? எண்ணெயும் தண்ணீரும் ஒன்றில் ஒன்று கரையாதவை. கரையாத இரண்டைச் சேர்த்துச் சூடாக்கினால் ஒவ்வொன்றும் மற்றது அங்கே இல்லாததுபோல் தன் ஆவியழுத்தத்தைத் தருகிறது. இரண்டு அழுத்தங்களும் கூடி வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டியதும் கலவை கொதிக்கிறது. ஆகவே தண்ணீரின் கொதிநிலைக்கும் சற்றுக் கீழே, எண்ணெய் கருகாமல், நீராவியின் துணையோடு வெளியேறிவிடுகிறது. கொப்பரையும் விறகும் போதும் என்று பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் கண்டுகொண்டது இந்த விதி தந்த வசதியால்தான். நம் வீட்டு ஓமத் திரவமும் இதே முறையின் பிள்ளை. ஓமத்தின் தைமால் நீராவியோடு வந்து தண்ணீரில் கொஞ்சம் தங்கிவிடுகிறது.

மல்லிகையிடம் இந்த விதி தோற்கிறது. நீராவியின் சூட்டில் மல்லியின் மணம் கெட்டுப்போகும். அதனால் சத்தியமங்கலம், நிலக்கோட்டை பக்கத்துப் பூக்களை வாங்கும் ஆலைகள் ஹெக்சேன் என்ற கரைப்பானில் பூவை ஊறவைத்து மணத்தை இழுக்கின்றன. முதலில் கிடைப்பது மெழுகோடு கூடிய கட்டி. அதைச் சாராயத்தில் கரைத்து மெழுகை நீக்கினால் மிஞ்சுவதே அத்தர்க்காரர்கள் தேடும் சாறு. ஆயிரம் கிலோ பூவுக்கு அது ஒன்றரைக் கிலோவை ஒட்டியே தேறும். சிறு புட்டியில் ‘சுத்தமான மல்லிகை எண்ணெய்’ என்று மலிவு விலைக்கு விற்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். பூச்சந்தையில் விலை சரியும் நாட்களில் இந்த ஆலைகள்தான் விவசாயிக்கு ஆறுதல்.

நறுமண எண்ணெய்களை மனிதர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தினாலும் ‘அரோமாதெரபி’ என்ற பெயர் புதியது. ரெனே மோரிஸ் கட்டஃபோஸ்ஸே என்ற பிரெஞ்சு வேதியியலர் 1937-இல் அதைத் தலைப்பாக வைத்து ஒரு நூல் எழுதினார். 1910-இல் ஆய்வக விபத்தொன்றில் அவருக்குத் தீக்காயம் ஏற்பட்டது. துடிதுடித்தவர் அருகிலிருந்த லாவெண்டர் எண்ணெய்த் தொட்டியில் கையை விட்டார், வடுவே இல்லாமல் ஆறியது என்று கதையாகச் சொல்வார்கள். அவர் எழுதியது அதைவிட நம்பத்தக்கது. காயங்களில் சதையழுகல் தொடங்கியபின் லாவெண்டர் சாற்றால் கழுவினார், அழுகல் நின்றது. கிருமிநாசினி என்ற கோணத்தில்தான் அவர் இந்த எண்ணெய்களைப் பார்த்தார். உடம்பைப் பிடித்துவிடுவதும் மனதை அமைதிப்படுத்துவதும் பின்னால் வந்து சேர்ந்தவை. அந்தத் திருப்பத்தில் மார்கரீட் மோரி என்ற பெண்மணிக்குப் பெரும் பங்கு உண்டு.

மனதை அமைதிப்படுத்துவது உண்மையா? வாசனையின் பாதை மற்றப் புலன்களின் பாதையிலிருந்து மாறுபட்டது. மூக்கின் உச்சியில் அஞ்சல் தலை அகலத்துக்கு ஒரு சவ்வு. அதிலுள்ள நரம்புச் செல்களில் ஏறக்குறைய 400 வகை ஏற்பிகள். இவற்றுக்கான மரபணுக் குடும்பத்தை லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்சலும் 1991-இல் அறிவித்தார்கள், 2004-இல் நோபல் பெற்றார்கள். ஒரு மணப்பொருள் பல ஏற்பிகளைத் தொடும், ஓர் ஏற்பி பல மணப்பொருள்களுக்கு அசையும். அந்தக் கூட்டமைவைத்தான் மூளை ‘இது ஏலம், இது கிராம்பு’ என்று படிக்கிறது. பார்வையும் ஒலியும் தலாமஸ் என்ற இடைநிலையத்தில் நின்று போகின்றன. வாசனை அங்கே நிற்பதில்லை. அச்சத்தையும் உணர்ச்சியையும் கையாளும் அமிக்டலாவுக்கு அது மிக அருகிலேயே போய் இறங்குகிறது.

ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட எலிச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. லாவெண்டரின் முக்கியப் பொருளான லினலூல் ஆவியை முகர்ந்த எலிகளின் பதற்றம் தணிந்தது. முகரும் திறனை இழந்த எலிகளுக்கு அதே ஆவியால் எந்தப் பயனும் இல்லை. ஆக, ஆவி நுரையீரல் வழியே இரத்தத்தில் கலந்து செய்த வேலை அல்ல அது, வாசனை செய்த வேலை. பதற்றம் தணிக்கும் மாத்திரைகள் வேலை செய்யும் இடத்தை மருந்தால் அடைத்தபோது லினலூலின் விளைவும் நின்றுபோனது. முகர்தல் என்ற மெல்லிய செயல் மூளையின் அதே தாழ்ப்பாளைத் தொடுகிறது என்பது வியப்புக்குரியது.

ஆனால் மனிதன் எலியைவிடச் சிக்கலானவன். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 56 பேரை வைத்து நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில் எலுமிச்சை, லாவெண்டர் இரண்டையும் சோதித்தார்கள். எலுமிச்சை மணம் மனநிலையை உயர்த்தியது. லாவெண்டர் அந்த அளவுக்குக்கூடச் செய்யவில்லை. காயம் ஆறும் வேகம், வலி, நோயெதிர்ப்பு ஆகிய எதிலும் இரண்டாலும் தெளிவான பயன் கிடைக்கவில்லை. ‘நோயெதிர்ப்பைக் கூட்டும்’ என்று புட்டியின் மேல் அச்சடிப்பவர்கள் இந்த ஆய்வைப் படித்திருக்க மாட்டார்கள்.

அதோடு, வாசனை யாருடைய மூக்கில் ஏறுகிறது என்பதும் முக்கியம். பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள் 1990களின் இறுதியில் கிராம்பின் யூஜெனாலை இரண்டு வகை ஆட்களிடம் கொடுத்தார்கள். பல் மருத்துவரிடம் போக அஞ்சாதவர்களுக்கு அது இனிய மணம். அஞ்சுகிறவர்களுக்கோ பிடிக்கவில்லை. அவர்களின் தோலும் இதயத் துடிப்பும் அச்சத்தையும் வெறுப்பையும் காட்டின. பல்லடைக்கும் பசையில் யூஜெனால் இருப்பதால் அந்த மருத்துவ அறையே அவர்கள் மூக்கில் எழுந்து வந்திருக்கிறது. நம் ஊரில் மல்லிகை மணவறைக்கும் போகிறது, பாடைக்கும் போகிறது. எந்த நாளில் அது ஒருவரின் நினைவில் பதிந்தது என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. இந்த எண்ணெய் சோகத்துக்கு, அந்த எண்ணெய் கோபத்துக்கு என்று வரிசை போட்டுத் தரும் பட்டியல்களை நான் நம்பாததற்குக் காரணம் இதுவே.

மூன்றாவது வழி மருந்தின் வழி. சான்று கூடுதலாக இருப்பதும் அபாயம் கூடுதலாக இருப்பதும் இங்கேதான்.

தலைவலிக்கு நெற்றிப்பொட்டில் தைலம் தேய்ப்பது நம் வீடுகளின் முதல் வைத்தியம். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-இல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சன் பின்னர் சென்னைக்கு வந்து வீட்டுப்பெயராகவே ஆகிவிட்டது. இந்தப் பழக்கத்துக்கு ஆதாரம் உண்டு. ஜெர்மனியின் கீல் நகரில் 1996-இல் வெளியான ஆய்வில், 10 விழுக்காடு புதினா எண்ணெய் கலந்த சாராயக் கரைசலை நெற்றியில் தடவியபோது இறுக்கத் தலைவலி 1,000 மில்லிகிராம் பாரசிட்டமாலுக்கு நிகராகத் தணிந்தது. குடல் எரிச்சல் நோய்க்கும் புதினா எண்ணெய் மருந்தாக ஏற்கப்பட்டிருக்கிறது. வயிற்றில் கரையாமல் குடலில் கரையும் உறையிட்ட மாத்திரையாகத் தருவார்கள். குடல் தசைக்குள் கால்சியம் நுழைவதை மென்தால் தடுக்க, பிடித்து இழுக்கும் தசை தளர்கிறது. ஆஸ்திரேலியாவின் தேயிலை மர எண்ணெய் 5 விழுக்காட்டுக் களிம்பாக முகப்பருவைக் குறைக்கிறது என்பதை 1990-இல் வந்த ஆய்வொன்று காட்டியது. வழக்கமான பென்சாயில் பெராக்சைடைவிடத் தாமதமாக, ஆனால் குறைந்த எரிச்சலோடு. எலுமிச்சைப்புல் எண்ணெயின் சிட்ரால் பூஞ்சையை ஒடுக்கும், கொசுவைச் சற்று விலக்கும். அதன் பெரிய பெருமை வைட்டமின் ஏ தயாரிப்புக்கு மூலப்பொருள் ஆனது.

நீலகிரித் தைலத்துக்கே திரும்புவோம். தூய்மைப்படுத்திய சினியோல் ஜெர்மனியில் சைனஸ் அழற்சிக்கும் மூச்சுக்குழல் அழற்சிக்கும் மாத்திரையாகத் தரப்படுகிறது. 200 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை. பெரியவருக்கு ஒரு நாளைக்கு 600 மில்லிகிராம். இப்போது வீட்டுப் புட்டியைப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி தைலம் ஏறக்குறைய நாலரை கிராம், அதில் சினியோல் மூன்று கிராமுக்கு மேல். பெரியவர் ஐந்து நாளில் உட்கொள்ளும் அளவு அந்த ஒரே கரண்டியில் இருக்கிறது. அதைக் குழந்தை குடித்துவிட்டால் நிமிடங்களில் தள்ளாட்டம், மயக்கம், வலிப்பு வரலாம். கற்பூரம் இன்னும் கடுமையானது. பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் அண்மை ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில், யூகலிப்டஸ், கற்பூரம் கலந்த தைலங்களைத் தடவியும் முகர்ந்தும்கூட வலிப்பு வந்தவர்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். வலிப்பு நோய் உள்ளவர் வீட்டில் இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

ஊட்டிக் கடைகளில் யூகலிப்டஸ் புட்டிக்குப் பக்கத்திலேயே விண்டர்கிரீன் எண்ணெய் நிற்கும். மூட்டுவலிக்குத் தேய்ப்பது. ஏறக்குறைய முழுவதும் மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு. ஒரு தேக்கரண்டியில் 7 கிராம் சாலிசிலேட், 300 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரைகள் இருபதுக்கு மேல் விழுங்கியதற்குச் சமம். குழந்தையின் உயிரைப் பறிக்க அது போதும். இருமல் மருந்துப் புட்டி அளவிலேயே இருக்கும் இந்தப் புட்டிகளைச் சாமி அலமாரியிலும் தலைமாட்டிலும் வைத்திருக்கிறோம். பூட்டி வையுங்கள். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மூக்கருகிலும் மார்பிலும் மென்தால், கற்பூரத் தைலங்கள் வேண்டாம். குளிர் உணர்வு திடீரெனத் தாக்கும்போது பிஞ்சுக் குழந்தை மூச்சை நிறுத்திவிடுவதுண்டு. ஆவி பிடிக்கும் கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் பிள்ளைகளை மருத்துவமனைகள் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. தைலத்தின் மணம் வேண்டுமானால் கைக்குட்டையே போதும்.

பெரியவர்கள் தோலில் தடவுவதானால் நீர்க்கச் செய்துதான் தடவ வேண்டும். 30 மில்லி தேங்காய் எண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ 12 சொட்டு, அதுவே 2 விழுக்காடு. முகத்துக்கு அதில் பாதி. பல்வலிக்குக் கிராம்பு எண்ணெயை அப்படியே பஞ்சில் நனைத்து வைத்தால் வலி மரத்துப்போகும், ஈறும் சேர்ந்து வெந்துபோகும். தோலைப் பிழிந்தெடுத்த பெர்கமோட், எலுமிச்சை எண்ணெய்களைப் பூசிக்கொண்டு நம் வெயிலில் போனால் தோல் கருத்துக் கொப்பளிக்கும். பழைய புட்டியை நம்பாதீர்கள். லாவெண்டரின் லினலூல் காற்றோடு சேர்ந்து ஆக்சிஜனேற்றம் அடைந்தபின் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும் பொருளாகிவிடுகிறது. இறுக மூடி, இருட்டில், குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். பூனை வளர்ப்பவர்கள் தேயிலை மர எண்ணெயை அதன் மேல் தடவவே கூடாது. இவற்றைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு.

இவ்வளவு கட்டுப்பாடுகளுக்கு நடுவே, இந்த எண்ணெய்களில் எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் பயன் ஒன்று இருக்கிறது. அதில் எதையும் விழுங்கவும் வேண்டாம், தடவவும் வேண்டாம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மல் குழு 2009-இல் அதை வெளியிட்டது. வைரஸ் தாக்கியோ தலையில் அடிபட்டோ முகரும் திறனை இழந்தவர்களிடம் ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு என நான்கு மணங்களைக் கொடுத்தார்கள். காலையும் மாலையும், ஒவ்வொன்றையும் சுமார் 10 விநாடி, எந்த மணம் என்று மனதில் நினைத்தபடியே முகர வேண்டும். 12 வாரம் இப்படிச் செய்தவர்கள், எதுவும் செய்யாதவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். மூக்கின் உச்சியிலுள்ள அந்த நரம்புச் செல்கள் வாழ்நாள் முழுவதும் செத்துச் செத்துப் புதிதாக முளைப்பவை. திரும்பத் திரும்ப வரும் மணம் அந்தப் புது முளைகளுக்கும் மூளைக்கும் இடையே இணைப்பு உறுதிப்பட உதவுகிறது என்று கருதுகிறார்கள். கோவிட் வந்துபோனபின் காப்பி மணமும் ரசத்தின் மணமும் தெரியாமல் தவித்த எத்தனையோ பேருக்கு உலகெங்கும் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் இதையே பரிந்துரைத்தார்கள். ஒரு மாதத்தில் எதுவும் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். பின்னர் வந்த ஆய்வுகள், பயிற்சியை மாதக்கணக்கில் நீட்டித்து, சில வாரங்களுக்கு ஒருமுறை நான்கு மணங்களையும் மாற்றிக்கொண்டவர்களுக்குப் பயன் இன்னும் கூடியதைக் காட்டியிருக்கின்றன.